பூனைக்காகப் போட்ட பூட்டு

எனக்குப் பூனை பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் தெருவில் திரியும் ஜீவன்களுக்கெல்லாம் பால் ஊற்றும் புண்ணியவதி என்று என்னை நினைத்துக்கொள்வீர்கள். வாசற்படியில் பூனை உட்கார்ந்தால் நான் துடைப்பத்தைத்தான் தேடுவேன். எனக்குப் பிடித்தது என் பூட்டு.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் ஒரு பவுடர் கோட்டிங் தொழிற்சாலையில் நான் எலக்ட்ரீஷியன். இரும்புச் சாமான்களைக் கழுவிக் காயவைத்து, மேலே வண்ணப்பொடி அடித்து, கொக்கியில் தொங்கவிட்டு ஓவனுக்குள் அனுப்பினால், சூட்டில் பொடி உருகிப் பெயின்டாக ஒட்டிக்கொள்ளும். அதுதான் எங்கள் வேலை. கோலார் தங்கவயலில் பிறந்து, அங்கேயே ஐ.டி.ஐ. முடித்து, கல்யாணமாகிச் சந்தாபுரத்துக்கு வந்தவள் நான். மெயின்டெனன்ஸ் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். சேர்ந்த புதிதில் "ஏணி பிடிக்க வந்தியாம்மா?" என்று கேட்டவர்கள் உண்டு. அதே ஆட்கள் இன்றைக்குத் தங்கள் வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போகிறேன். போய் ஒரு வார்த்தை குத்திக் காட்டிவிட்டுத்தான் சரிசெய்வேன்.

எங்கள் ஷெட்டில் மெஷினுக்குள் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு சிவப்புப் பூட்டு இருக்கிறது. அதில் அவரவர் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். ரிப்பேருக்காக உள்ளே போகிறவர், மெயின் சுவிட்சை அணைத்து அதில் தன் பூட்டை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது பூட்டுக்காரரின் இடுப்பில் இருக்கும். போனவர் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை, முதலாளியே வந்து நின்றாலும் அந்த மெஷினை ஓட்ட முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பது நான்தான். "பூட்டை மாட்டும்போது போட்டோவைப் பாருங்க. உங்க மூஞ்சிதானான்னு பாருங்க" என்று தொண்டை வற்றக் கத்துவேன்.

போன ஆயுத பூஜைக்கு ஷெட் முழுவதையும் கழுவினோம். ஓவனைக்கூட உள்ளே புகுந்து துடைத்தோம். எங்கள் ஓவன் ஒரு பஸ் நீளத்துக்கு இருக்கும் தகரச் சுரங்கம். அதன் தரையோரமாகச் சூடான காற்று வருவதற்கு ஒரு தகரக் குழாய் ஓடுகிறது. அந்தக் குழாயின் முன்பக்க மூடியைக் கழற்றித் தூசி எடுத்தவர்கள், பூஜைக்கு நேரமாகிவிட்டது என்று மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள். ஓவன் வாசலில் வாழைக்கன்று கட்டி, ஸ்பேனர், மல்டிமீட்டர், ஸ்ப்ரே கன், எங்கள் பூட்டுகள் எல்லாவற்றையும் ஒரு பெரிய தாம்பாளத்தில் அடுக்கினோம். நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் என் பூட்டு அந்தத் தட்டில் இல்லையென்றால் எனக்கே மனசு கேட்காது. கொக்கியில் சாமான் மாட்டும் பெண்களில் ஒருத்தி, ஆனேக்கல்காரி, என் தோழி, பொட்டு வைக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கை தாராளம். பூட்டு, அட்டை, போட்டோ என்று பாராமல் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமத்தை வைத்துத் தள்ளினாள். பூஜையில் வைத்ததை மறுபடி வேலை தொடங்கும்வரை தொடக்கூடாது என்பதால், அப்படியே விட்டுவிட்டு லீவுக்குப் போனோம்.

லீவு முடிந்து வந்த காலை எட்டு மணிக்கு, ஓவனைப் பற்றவைக்கும் முன் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தோம். உடைத்தவர் எங்கள் ஷிப்ட் இன்சார்ஜ். திருப்பத்தூர்க்காரர், இன்ஜினியரிங் படித்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். சந்தோஷமாக இருந்தால் என்னை அக்கா என்பார், கோபம் வந்தால் மேடம் என்பார். அவர் ஓங்கி அடித்த அடியில் தேங்காய் படீரென்று சிதறியதும், வாழையிலைக் குவியலுக்கு அடியிலிருந்து மண் நிறத்தில் ஒரு பூனை துள்ளி எழுந்தது. வாலில் பாதி இல்லை. விலா எலும்பை எண்ணலாம். நாற்பது பேர் சுற்றி நிற்பதைப் பார்த்ததும் அதற்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. யாரோ "ஹேய்!" என்று கையைத் தட்டினார்கள். அவ்வளவுதான், நேராக ஓவனுக்குள் பாய்ந்துவிட்டது.

"அய்யோ அக்கா, பெக்கு ஒளகே ஹோயித்து!" என்று, பூனை உள்ளே போய்விட்டதைச் சொல்லி என் தோழி கத்தினாள். பதறினால் அவளுக்குத் தமிழ் வராது, கன்னடம்தான் வரும்.

இன்சார்ஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஓவன் சூடேற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணிக்கு லாரி வந்து நிற்கும். "அந்தப் பக்கமா வெளிய போயிருக்கும். பர்னர ஆன் பண்ணுங்க" என்றார்.

"போகல சார். நான் பின்பக்கம் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்."

"சூடு ஏற ஆரம்பிச்சா தானா ஓடிடும் மேடம்."

தானாக ஓடிவிடுமாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது. பயந்து போன ஜீவன் சூடு வந்தால் இன்னும் உள்ளேதான் போகும். வெளியே வர வழி தெரிந்திருந்தால் ஓவனுக்குள்ளேயே போயிருக்காது. பர்னர் பேனலை நோக்கி ஆபரேட்டர் நடந்துகொண்டிருந்தார். நான் யோசிக்கவில்லை. தாம்பாளத்திலிருந்து பூட்டை எடுத்தேன், ஓடினேன், மெயின் சுவிட்சை இறக்கி அதில் மாட்டி அழுத்தினேன். சடக்கென்று பூட்டிக்கொண்டது.

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. இன்சார்ஜ் முகம் சிவந்துவிட்டது. "மேடம், என்ன பண்றீங்க? ரிப்பேர் வேலை நடந்தாதான் பூட்டு. பூனைக்கெல்லாம் பூட்டு போடக்கூடாது."

"உள்ள உயிர் இருந்தா பூட்டு போடணும். அதுதானே சார் ரூல்? எங்க ஊர்ல சுரங்கத்துக்குள்ள இறங்கினவங்கள எண்ணுவாங்க, ஏறினவங்களையும் எண்ணுவாங்க. கணக்கு சரியா வராம யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க."

"இது உங்க ஊரு சுரங்கம் இல்ல. அது ஆளும் இல்ல. பூட்டைத் திறங்க."

"என் பூட்டு. நான் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓவனுக்குள் போனேன். அப்போது என் நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள நாற்பத்தாறு வயசுக்காரி மாதிரியா நடந்தேன்!

உள்ளே முட்டிபோட்டுத் தவழ்ந்தேன். மூடி இல்லாத குழாய் வாயில் டார்ச்சை அடித்தால், வெகுதூரத்தில், குழாய் வளையும் இடத்தில், இரண்டு பச்சைக் கண்கள் தெரிந்தன. சீறியது. பயத்தில் வரும் சீறல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதத்தில் நானும் எல்லோரிடமும் அப்படித்தான் சீறினேன். "வாடி, வா" என்றேன். வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. ஆளுக்கு ஒரு யோசனை. ஒருத்தர் "மியாவ்" என்று கத்தினார். ஒருத்தர் தகரத்தைத் தட்டினார். கேன்டீனிலிருந்து பால் வந்தது. மீன் இருந்தால் வரும் என்றார்கள், ஆனால் பூஜை போடும் நாளில் யார் டப்பாவில் மீன் இருக்கும்? என் டப்பாவில் இருந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. "அய்யய்யோ, பூஜை போட்ட ஓவன்ல கருவாடா!" என்று பின்னால் ஒரு குரல் பதறியது. "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், நீ சும்மா இரு" என்று என் தோழி அடக்கினாள். நான்கு நெத்திலியைக் குழம்பிலிருந்து எடுத்துக் குழாய் வாயில் வைத்தேன். ஓவன் முழுக்க மணம் தூக்கியது. நாற்பது பேருக்கும் பசி வந்தது, பூனைக்கு மட்டும் வரவில்லை. நாங்கள் சத்தம் போடப் போட அது இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கண்களும் தெரியவில்லை. குழாய்க்குள் நகம் தகரத்தைப் பிறாண்டும் சத்தம் மட்டும் கேட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது இன்சார்ஜ் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். மறுமுனையில் பிளான்ட் மேனேஜர். "ஹவுது சார், ஹவுது சார்" என்று ஐந்தாறு முறை ஆமாம் போட்டுவிட்டு வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஒன்பதரைக்குள்ள ஓவன் எரியலன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல மேடம். சாவியக் குடுங்க" என்றார்.

பயமாகத்தான் இருந்தது. மகளின் காலேஜ் இன்னும் ஒரு வருடம் பாக்கி. ஆனால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்வாங்கும் ஜாதி இல்லை நான். இடுப்பிலிருந்து சாவியை உருவி, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்டினேன். "இதோ இருக்கு சார் சாவி. பூனை வெளிய வந்தப்புறம் நானே திறக்கிறேன். அதுவரைக்கும் யார் வந்தாலும் முடியாது."

அந்த நேரம் பார்த்து என் தோழிக்குத் தான் அப்பிய சந்தனம் கண்ணை உறுத்தியிருக்கிறது. பூட்டின் அட்டையைப் புடவை முந்தானையால் துடைத்தாள். துடைத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா" என்றாள் மெதுவாக. "இதுல மீசை இருக்கு."

முதலில் எனக்குப் புரியவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். அட்டையில் சந்தனத்துக்கு நடுவே இருந்தது இன்சார்ஜின் முகம். என் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினேன். திரும்பவில்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவி ஷெட்டே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முக்கால் மணி நேரம் இன்னொருவர் பூட்டை நம்பி நான் ஓவனுக்குள் கிடந்திருக்கிறேன். அந்தப் பூட்டின் சாவி வெளியே, என் மேல் கோபமாக இருந்த மனிதரின் இடுப்பில் இருந்திருக்கிறது. போட்டோவைப் பார், போட்டோவைப் பார் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு மாட்டியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த ஒரு தப்புக்கே என்னை வீட்டுக்கு அனுப்பலாம், வேறு யாராவது செய்திருந்தால் நானே அனுப்பச் சொல்லியிருப்பேன்.

இன்சார்ஜின் கை அவர் இடுப்புக்குப் போனது. சாவியை எடுத்தார். சிரிப்பு நின்றுவிட்டது. இனி என் பிடிவாதத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. பூட்டு அவருடையது, சாவி அவர் கையில். ஒரு திருப்பு திருப்பினால் பத்தே நிமிடத்தில் ஓவன் எரியும். குழாய்க்குள் பிறாண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் பூட்டின் முன் நின்று தன் போட்டோவையே பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "இத நான் திறந்தா, உள்ள உயிர் எதுவும் இல்லன்னு நான் பார்த்துச் சொல்றேன்னு அர்த்தம். இல்லியா?"

"ஆமா தம்பி" என்றேன். ஷெட்டுக்குள் அவரை நான் தம்பி என்றது அதுவே முதல் முறை. வாய் தவறி வந்துவிட்டது.

அவர் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கினார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு முட்டிபோட்டு ஓவனுக்குள் தவழ்ந்து போனார். ஐந்து நிமிடம் ஆளைக் காணோம். வெளியே வந்தபோது சட்டை முன்பக்கம் முழுக்கக் கருப்பு. நெற்றியில் சிலந்தி நூல். என்னைப் பார்த்து, "அக்கா, அது நடுங்குதுக்கா" என்றார்.

காலையிலிருந்து மேடம், மேடம் என்றவர் இப்போது ஒரே மூச்சில் இரண்டு தடவை அக்கா என்றுவிட்டார்.

"முதல்ல உங்க பூட்டையும் கொண்டாந்து மாட்டுங்க" என்றார். "மூஞ்சியப் பார்த்து மாட்டுங்க." மாட்டினேன். இரண்டு பூட்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. பிறகு அவர் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "கம்ப்ரஸர நிறுத்துங்க. ஃபேன், பம்ப், ஃபோர்க்லிஃப்ட் எல்லாத்தையும் நிறுத்துங்க. யாரும் பேசக்கூடாது. போன சைலன்ட்ல போடுங்க."

குழாயின் பின்பக்கம், வெளிச் சுவரை ஒட்டி, கை விட்டுச் சுத்தம் செய்ய ஒரு தகரக் கதவு உண்டு. எட்டு போல்ட். நான்கு துருப்பிடித்து இறுகிக் கிடந்தன. சத்தம் போடாமல் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று கழற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எண்ணெய் விட்டு, ஸ்பேனரில் துணி சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இன்சார்ஜ் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, அந்தக் கதவிலிருந்து பின்வாசல் வரை இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நிறுத்தினார். மீதி நெத்திலியைப் பின்வாசலுக்கு வெளியே வெயிலில் வைத்தோம். பிறகு நாங்கள் இருவரும் அட்டைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தோம்.

பதினேழு வருடத்தில் அந்த ஷெட் அப்படி அடங்கி நான் கேட்டதில்லை. நாற்பது பேர் அங்கங்கே குந்தியிருந்தார்கள். பேசாமல் ஐந்து நிமிடம் இருக்கத் தெரியாத என் தோழி, இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒசூர் ரோட்டில் போகும் லாரிகளின் ஹாரன்கூடக் கேட்டது. ஒருவருக்குத் தும்மல் வந்தது, சட்டைக்குள் முகத்தைப் புதைத்து அடக்கிக்கொண்டார். இரண்டு பேர் போனில் மேனேஜரின் அழைப்பு மின்னி மின்னி அணைந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு மார்பு நிறைந்துபோனது. ஒரு பிடி எலும்புக்காக இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களோடுதானே நான் வேலை செய்கிறேன் என்று நினைத்தேன்.

பதினொரு மணிக்கு மேல் இருக்கும். பிறாண்டும் சத்தம் கிட்டே வந்தது. நின்றது. மறுபடி வந்தது. கதவு ஓட்டையில் முதலில் மீசை தெரிந்தது, பிறகு மூக்கு. என் கை அதற்கு ஒரு முழம் தூரத்தில்தான் இருந்தது. பிடித்துவிடலாம் என்று தோன்றிய அந்த ஒரு நொடியில் இன்சார்ஜ் என் மணிக்கட்டை அழுத்தினார். வேண்டாம் என்று தலையசைத்தார். அவர் சொன்னதுதான் சரி. நான் அசையவில்லை.

முன்கால், உடம்பு, அந்த அரை வால். முழுசாக வெளியே வந்து, ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அட்டைகளுக்கு நடுவே அம்பாகப் பாய்ந்தது. நெத்திலியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. காம்பவுண்டு சுவரில் ஏறி அந்தப் பக்கம் குதித்தது. ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்னவாம்? பார்க்கவில்லை. போய்விட்டது.

யார் முதலில் கத்தினார்கள் என்று தெரியாது. விசில், கைத்தட்டல், கூச்சல். என் தோழி வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். இன்சார்ஜ் இன்னொரு முறை ஓவனுக்குள் தவழ்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தகரக் கதவையும், சுவரில் சாய்ந்து கிடந்த குழாய் மூடியையும் மறக்காமல் மாட்டினோம். அதற்குப் பிறகுதான் அவர் பூட்டை அவர் திறந்தார், என் பூட்டை நான் திறந்தேன்.

சரியாகப் பன்னிரண்டரைக்கு மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். ஓவன் அப்போதுதான் சூடேறிக்கொண்டிருந்தது. "யாரு பீகா ஹாக்கித்து?" என்று கேட்டார். பூட்டுப் போட்டது யார் என்று அர்த்தம். நான் வாயைத் திறப்பதற்குள் இன்சார்ஜ் முன்னால் வந்து, "நந்தே சார். நானே ஹாக்கித்து" என்றார். பூட்டு தன்னுடையது, தானே போட்டது என்று கூசாமல் சொல்கிறார்! என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், எனக்குப் புரிந்தது. ஆனாலும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. செய்தது நான், பெயர் அவருக்கா?

"இல்ல சார், நான் போட்டேன்" என்று கன்னடத்தில் சொன்னேன். "பார்க்காம அவரோடத எடுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது. போட்டதும் நான்தான்." இன்சார்ஜ் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று நின்றேன்.

லாரி மூன்றரை வரை காத்திருந்து சாமானை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. என்னுடையதில் இரண்டு குற்றங்கள். பிறருடைய பூட்டைப் பயன்படுத்தியது ஒன்று. ஒரு பூனையைக் காப்பாற்றுவதற்காக மேலதிகாரியின் உத்தரவை மீறி ஓவனை மூன்று மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தியது இன்னொன்று. மகள்தான் ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்துக் காட்டினாள். இரண்டாவதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். "எதுக்கும்மா?" என்றாள். "கேட்க நல்லா இருக்கு, வாசி" என்றேன்.

அடியில் என் விளக்கத்தை எழுத நான்கு கோடு விட்டிருந்தார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுங்கள், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று ஆபீஸில் சொன்னார்கள். நான் தமிழில் எழுதினேன். 'மேலே எழுதியிருப்பது இரண்டும் உண்மை. அடுத்த முறை என் சொந்தப் பூட்டையே போடுவேன்.' கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.